அப்பாவின் கீரைப் பாத்தியும் ஒரு நீலப் போத்தலும்

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது அப்பா அழைத்தார். அவர் சும்மா அழைப்பவர் அல்லர். அம்மா பேசி முடித்த பிறகு கைப்பேசியை வாங்கி, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுப்பதுதான் வழக்கம். அன்று அவரே அழைத்தார்.

"கீரை மஞ்சளாகுதும்மா. என்ன போட்டாலும் நிக்கல. நீ கெமிஸ்ட்ரி படிச்ச புள்ளதானே, வந்து பாரேன்."

நான் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். தண்ணீரில் எவ்வளவு ஈயம், எவ்வளவு செம்பு என்று அளப்பது என் அன்றாட வேலை. செடிகொடிகளைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அம்மா வளர்க்கும் கறிவேப்பிலைக்கு மோர் ஊற்றுவார் என்பது வரைதான். ஆனாலும் அப்பா உதவி கேட்பது அபூர்வம். அந்த வெள்ளிக்கிழமையே பேருந்து ஏறினேன்.

எங்கள் வீடு கம்பாருக்கு அருகே. கிந்தா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் ஈயச் சுரங்கங்களுக்குப் பேர்போனது. சுரங்கங்கள் மூடப்பட்டன, குட்டைகளும் மணல்மேடுகளும் மிஞ்சின. தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்ற அப்பா, தாமானுக்குப் பின்னால் இருக்கும் அப்படிப்பட்ட ஒரு மணல் நிலத்தை வாடகைக்கு எடுத்துக் கீரை போடுகிறார். பாயாம், கங்கோங், சாவி, ஓரத்தில் கொஞ்சம் மிளகாய். கட்டு இரண்டு ரிங்கிட். வாடிக்கையாளர்கள் எல்லாம் அக்கம்பக்கத்து வீட்டார்தாம். அதில் வரும் பணத்தைவிட, "உங்க கீரை மாதிரி சந்தையில கிடைக்காதுங்க" என்று அவர்கள் சொல்வதுதான் அப்பாவுக்கு வருமானம்.

பாத்தியைப் பார்த்ததும் எனக்கே திக்கென்றது. இளம் இலைகள் வெளிர் மஞ்சள். நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தது. செடிகள் ஒரு சாண் உயரத்துக்கு மேல் போக மறுத்து நின்றன.

கொட்டகையின் மூலையில் அந்தப் போத்தல் இருந்தது. உள்ளே நீல நிறத் திரவம். ‘நானோ செம்பு, நானோ துத்தநாகம், இருமடங்கு விளைச்சல்’ என்று மலாயில் எழுதியிருந்தது. கைப்பேசிக் காணொளி ஒன்றில் விளம்பரம் பார்த்து, 68 ரிங்கிட் கொடுத்து வரவழைத்திருக்கிறார். லிட்டருக்கு ஒரு மூடி என்று போட்டிருந்தது.

"எத்தனை மூடி ஊத்துனீங்கப்பா?"

"முதல்ல ஒண்ணு. மஞ்சளானதும் சத்துப் பத்தலன்னு ரெண்டு. அப்புறம் நாலு."

செம்பு எத்தனை சதவீதம், துகளின் அளவு என்ன, யார் தயாரித்தது என்ற எந்த விவரமும் அந்தப் போத்தலில் இல்லை. வேலையிடத்துக் கருவியில் சொந்தப் பொருளைச் சோதிக்க எங்களுக்கு அனுமதி கிடையாது. ஆகவே நான் புத்தகங்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் புரட்ட ஆரம்பித்தேன். அடுத்த சில மாதங்களில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன். பால்கனியில் நாலு தொட்டி வைத்திருப்பவர்களுக்கும், சந்தையில் கீரை வாங்குபவர்களுக்கும் இது பயன்படும்.

மருந்தும் அதுவே, நஞ்சும் அதுவே

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். உலோகம் என்றாலே செடிக்கு ஆகாது என்பது தவறு. இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம், செம்பு, மாலிப்டினம், நிக்கல் ஆகிய ஆறும் பயிர்களுக்கு அவசியம். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் செடி தன் வாழ்க்கைச் சுற்றை ஒழுங்காக முடிக்காது. நம் உடலுக்கு வைட்டமின் எப்படியோ, அப்படி. மிகக் கொஞ்சம் போதும். அந்தக் கொஞ்சம் கட்டாயம் வேண்டும்.

இந்தியாவில் பந்த்நகர்ப் பகுதியில் நெற்பயிர் செம்பழுப்புப் புள்ளிகளோடு குட்டையாகிப்போன நோய்க்கு ‘கைரா’ என்று பெயர். கிருமிதான் காரணம் என்று பலர் நினைத்திருக்க, 1966-இல் ஒய்.எல். நேனே என்ற விஞ்ஞானி அது வெறும் துத்தநாகக் குறைபாடு என்று காட்டினார். துத்தநாக சல்ஃபேட் போட்டதும் பயிர் தேறியது. நம் நாட்டிலும் கரி மண்ணில், அதாவது பீட் நிலத்தில், நடப்படும் செம்பனைக்குச் செம்புச் சத்துக் குறைந்து மட்டைகள் மஞ்சளாவது தோட்டக்காரர்கள் நன்கு அறிந்த ஒன்று. அங்கே செம்பு மருந்து.

ஆனால் அதே செம்பு அளவு மீறினால் முதலில் தாக்குவது வேர் நுனியை. நுனி பழுப்பாகித் தடித்துவிடும். பக்க வேர்கள் விடாது. வேர் சுருங்கியதும் மற்றச் சத்துகளை உறிஞ்சும் வலு போய்விடும். முக்கியமாக, செம்பு மிகுந்தால் இரும்பு உள்ளே போவது தடைப்படுகிறது. இரும்பு இல்லையென்றால் பச்சையம் உருவாகாது. இளம் இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும்.

இதைப் படித்தபோது அப்பாவின் பாத்திதான் கண்முன் வந்தது. செடிக்குச் சத்துப் பற்றவில்லை என்று நினைத்து அவர் மேலும் ஊற்றினார். உண்மையில் ஊற்றியது கூடியதால்தான் அது பசித்த செடியைப் போல் தெரிந்தது. பசி போலத் தோன்றியது அஜீரணம்.

ஃபுளோரிடாவின் மணல் நிலம்

அப்பாவுக்கு நேர்ந்தது புதிதல்ல. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஆரஞ்சுத் தோட்டங்களுக்குப் பல ஆண்டுகள் செம்பு கலந்த உரமும் பூஞ்சைக்கொல்லியும் இட்டு வந்தார்கள். அங்கேயும் மணல் நிலம், புளிப்பு மண். 1950-களின் தொடக்கத்தில் பழைய தோட்டங்களில் இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. ஆராய்ந்து பார்த்தால் மண்ணின் மேலடுக்கில் செம்பு சேர்ந்து கிடந்தது. அதனால் மரங்களுக்கு இரும்புப் பஞ்சம்.

செம்பைத் தெளிக்கும் பழக்கத்துக்கும் ஒரு கதை உண்டு. பிரான்ஸின் போர்டோ வட்டாரத்தில் சாலையோரத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறிக்காமல் இருக்க, விவசாயிகள் செம்பு உப்பையும் சுண்ணாம்பையும் கலந்து கொடிகள்மேல் தெளித்து வைத்தார்கள். அந்த ஓரத்துக் கொடிகளில் மட்டும் பூஞ்சை நோய் இல்லாததை 1882-இல் மில்லார்டே என்ற பேராசிரியர் கவனித்தார். 1885-இல் அவர் அறிவித்த அந்தக் கலவைதான் போர்டோ கலவை. இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. அதோடு ஒரு பாடத்தையும் அது விட்டுச் சென்றது. பூச்சிமருந்துகள் பல நாளடைவில் சிதைந்து மறையும், உலோகம் சிதையாது. போட்டது மண்ணில் கிடக்கும். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் இப்போது ஏழு ஆண்டுகளில் ஹெக்டருக்கு 28 கிலோ செம்புக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது.

"மிளகாய்க்கு இலைப்புள்ளி வந்தா என்ன அடிப்பீங்கப்பா?" என்று கேட்டேன்.

"காப்பர் மருந்துதான். எட்டு வருஷமா அதுதான் அடிக்கிறேன்."

மிளகாய்ப் பாத்தியையும் கீரைப் பாத்தியையும் ஆண்டுதோறும் மாற்றி மாற்றிப் போடுவார் என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

‘நானோ’ என்றால் என்ன?

ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். 1 முதல் 100 நானோமீட்டர் வரை அளவுள்ள துகளை நானோ துகள் என்கிறோம். நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர்.

சின்னதாக்கினால் என்ன லாபம்? ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பகடைக்காயைவிடச் சற்றுச் சிறியது. அதன் ஆறு பக்கங்களின் பரப்பும் சேர்ந்து 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் துண்டுகளாக வெட்டினால் மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டர் ஆகிவிடும். ஏழு பேட்மிண்டன் மைதானங்களைவிட அதிகம்! பொருள் அதேதான்; தண்ணீரையும் வேரையும் தொடும் பரப்பு மட்டும் பத்து லட்சம் மடங்கு பெருகுகிறது. ஆகவே வேகமாகக் கரையும், வேகமாக வினைபுரியும்.

இதில் நன்மையும் உண்டு. திருப்பதியில் விஞ்ஞானிகள் நிலக்கடலையில், அதாவது நம்மூர்க் கச்சானில், நானோ துத்தநாக ஆக்ஸைடைச் சோதித்து 2012-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 1000 பிபிஎம் அளவில் விதைகள் நன்றாக முளைத்தன, நாற்றுகள் வீரியமாக வளர்ந்தன. வயலில் வழக்கமான துத்தநாக உரத்தில் பதினைந்தில் ஒரு பங்கு மட்டும் இட்டும், காய் விளைச்சல் கால் பங்குக்கும் மேல் கூடியது. ஆனால் அதே ஆய்வில் 2000 பிபிஎம்முக்குப் போனதும் வளர்ச்சி குன்றியது. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையில் இருந்தது இரண்டு மடங்கு வித்தியாசம் மட்டுமே. அப்பா தாண்டியது நான்கு மடங்கு.

முளைப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள்

என்னை மிகவும் யோசிக்க வைத்தது 2007-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் வெளியிட்ட ஆய்வு. முள்ளங்கி, சோளம், வெள்ளரி, சாலட் கீரை உள்ளிட்ட ஆறு பயிர்களின் விதைகளை ஐந்து வகை நானோ துகள்கள் கலந்த நீரில் முளைக்க வைத்தார்கள். லிட்டருக்கு 2000 மில்லிகிராம் என்ற பெரிய அளவிலும் பெரும்பாலான விதைகள் வழக்கம்போல முளைத்தன. ஆனால் துத்தநாகத் துகளும் துத்தநாக ஆக்ஸைடு துகளும் கலந்த நீரில் வேர்கள் மட்டும் ஏறக்குறைய வளரவே இல்லை.

காரணம் எளிது. விதைக்கு உறை என்ற கவசம் இருக்கிறது. உள்ளே தாய் கட்டிக் கொடுத்த சோறும் இருக்கிறது. வெளியே என்ன இருந்தாலும் அது முளைத்துவிடும். வேர் வெளியே எட்டிப் பார்த்த பிறகுதான் உண்மையான சோதனை.

2008-இல் கொரிய விஞ்ஞானிகள் பச்சைப்பயற்றையும் கோதுமையையும் செம்பு நானோ துகள்களோடு வளர்த்தார்கள். நாற்றின் வளர்ச்சி பாதியாகக் குறைய கோதுமைக்கு லிட்டருக்கு 570 மில்லிகிராம் தேவைப்பட்டது. பயற்றுக்கு 335 போதும். பயிருக்குப் பயிர் தாங்கும் சக்தி வேறு. பச்சைப்பயறு கொஞ்சம் மெல்லிய உடம்புக்காரர்.

அது நம் வீட்டுச் சமையலறையிலேயே இருக்கிறதே!

ஐஸ்கிரீம் கப் ஆராய்ச்சி

அடுத்த முறை ஊருக்குப் போனபோது ஐந்து ஐஸ்கிரீம் கப்புகளில் டிஷ்யூ தாள் விரித்தேன். ஒவ்வொன்றிலும் பத்துப் பயறு. முதல் கப்பில் வெறும் தண்ணீர். மற்றவற்றில் லிட்டருக்கு அரை மூடி, ஒரு மூடி, இரண்டு மூடி, நான்கு மூடி என்று அந்த நீலத் திரவம். கையுறை போட்டுக்கொண்டுதான் செய்தோம். கப்புகளில் எழுதும் வேலை அப்பாவுக்கு.

இரண்டாம் நாள் காலை அவர் முகத்தில் வெற்றிப் புன்னகை. "பாத்தியா? எல்லாக் கப்புலயும் முளைச்சிருக்கு. மருந்துல ஒண்ணும் கோளாறு இல்ல." உண்மைதான். ஐந்து கப்புகளிலும் ஒன்பது, பத்து என்று முளைத்திருந்தன.

"இன்னும் ரெண்டு நாள் பொறுங்கப்பா."

நான்காம் நாள் அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பயறுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய நாள்காட்டித் தாளில் வரிசையாக வைத்தார். வெறும் தண்ணீரில் இருந்தவற்றின் வேர் விரல் நீளம், பால் வெள்ளை. அரை மூடியிலும் அப்படியே. ஒரு மூடியில் சற்றுக் குட்டை. இரண்டு மூடியில் நகத்தளவு. நான்கு மூடியில் வேர் என்று சொல்ல ஒன்றுமில்லை. பழுப்பு நிறத்தில் ஒரு மொட்டு.

அப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு எழுந்து பின்பக்கம் போனார். திரும்பி வரும்போது ஒரு கையில் கீரைப் பாத்தி மண், இன்னொரு கையில் அம்மாவின் கறிவேப்பிலைத் தொட்டி மண்.

"மருந்தே ஊத்தாம இதுல போட்டுப் பாப்போம்" என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. கெமிஸ்ட்ரி படித்த எனக்கு அது தோன்றவில்லை. நாங்கள் போத்தலைத்தான் குற்றவாளியாக நினைத்தோம். மண்ணிடம் யாரும் கேட்கவில்லை.

கறிவேப்பிலை மண்ணில் பயற்றின் வேர்கள் நன்றாக ஓடின. பாத்தி மண்ணில், ஒரு சொட்டு மருந்தும் இல்லாமலேயே, வேர்கள் குட்டையாகத் தடித்து நின்றன. போத்தல் கடைசி அடிதான். அதற்கு முன்பே மண் சோர்ந்துபோயிருந்தது.

துகளா, கரைசலா?

மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். புளிப்புத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 4.4 என்று வந்தது. கீரைக்கு 6-ஐ ஒட்டி இருப்பது நல்லது. செம்பு அதிகம். ஈயச் சுரங்க நிலம் என்பதால் ஆர்சனிக், ஈயம், கேட்மியம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருந்தேன். அவை கவலைப்படும் அளவில் இல்லை. அந்த வரியைப் படித்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

பிஎச் ஏன் முக்கியம்? உலோகம் மண்ணில் இருப்பது வேறு, தண்ணீரில் கரைந்து இருப்பது வேறு. வேர் குடிப்பது கரைந்ததை. களிமண்ணும் மக்கிய இலைதழையும் செம்பைக் கெட்டியாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். சுரங்க மணலில் இரண்டுமே குறைவு. போதாக்குறைக்கு அப்பா ஆண்டுக்கணக்கில் போட்ட அம்மோனியம் சல்ஃபேட் மண்ணைப் புளிப்பாக்கிக்கொண்டே வந்திருக்கிறது. பிஎச் ஒரு எண் குறைந்தால் புளிப்பு பத்து மடங்கு கூடியதாகப் பொருள். புளிப்பு கூடக்கூட, பிடிபட்டுக் கிடந்த செம்பு அவிழ்ந்து தண்ணீரில் கரையும். பிஎச் 5-க்குக் கீழே போனால் மண்ணிலேயே இயற்கையாக இருக்கும் அலுமினியமும் கரைந்து வேர் நுனியைச் சுடும். நம் நாட்டின் புளிப்பு மண்ணில் இது பழைய பிரச்சினை. அப்பாவின் பாத்தியில் இரண்டும் சேர்ந்துகொண்டன.

நானோ துகளுக்கும் இதே கணக்குதான். துகள் மண்ணில் விழுந்ததும் ஒரு பகுதி கரைந்து சாதாரண செம்பு அயனியாக, துத்தநாக அயனியாக ஆகிவிடுகிறது. செடியைத் தாக்குவது துகளா, கரைந்த அயனியா என்பது விஞ்ஞானிகளிடையே நெடுநாள் விவாதம். மேலே சொன்ன மாசசூசெட்ஸ் ஆய்வாளர்கள் 2008-இல் துத்தநாக ஆக்ஸைடையும் துத்தநாக உப்புக் கரைசலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வகைப் புல்லை வளர்த்தார்கள். கரைந்த அளவை மட்டும் வைத்து முழுப் பாதிப்பையும் விளக்க முடியவில்லை. துகள்கள் வேரின்மேல் அப்பிக்கொண்டிருந்தன. ஆக, இரண்டுக்கும் பங்கு உண்டு. புளிப்பு மண்ணில் கரைசலின் பங்கு ஏறும்.

அம்மா கேட்ட கேள்வி

மண் அறிக்கை வந்த அன்று இரவு அப்பா தூங்கப் போன பிறகு அம்மா மெல்லிய குரலில் கேட்டார்: "நம்ம கீரையைச் சாப்பிட்டவங்களுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல? எதிர்வீட்டு மருமகப் பொண்ணு மாசமா இருக்கு. வாரம் ரெண்டு கட்டு வாங்குவாங்க."

அந்தக் கேள்விக்குப் பதில் தேடாமல் என்னால் தூங்க முடியவில்லை.

அமெரிக்க வேளாண் துறையில் பணியாற்றிய ரூஃபஸ் சேனி என்ற மண் விஞ்ஞானி 1980-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். மண்ணுக்கும் நம் தட்டுக்கும் நடுவே செடி ஒரு வேலியாக நிற்கிறது என்பது அதன் சாரம். செம்பு, துத்தநாகம், நிக்கல் போன்றவை வேர் வழியாக ஏறி மனிதரைப் பாதிக்கும் அளவை எட்டும் முன்பே செடி மஞ்சளாகும், குன்றும், செத்தும் போகும். அது நமக்குத் தரும் எச்சரிக்கை மணி.

ஆனால் எல்லா உலோகத்துக்கும் அந்த மணி அடிக்காது. கேட்மியத்துக்கு அடிக்காது. செடி பச்சைப்பசேல் என்று நிற்கும். உள்ளே கேட்மியம் ஏறியிருக்கும். ஜப்பானின் தொயாமா மாநிலத்தில் சுரங்கக் கழிவு கலந்த ஆற்று நீரில் விளைந்த அரிசியைச் சாப்பிட்டவர்களுக்கு எலும்புகள் நொறுங்கி, வலியில் கதறும் ‘இத்தாய் இத்தாய்’ நோய் வந்தது. 1968-இல் ஜப்பான் அரசு அதற்குக் காரணம் கேட்மியம் என்று ஏற்றுக்கொண்டது. கீரை வகைகள் கேட்மியத்தை எளிதில் உறிஞ்சுபவை. ஆகவே பழைய சுரங்க நிலம், தொழிற்சாலை ஓரம் போன்ற இடங்களில் கீரை போடுபவர்கள் இலையின் நிறத்தை நம்பக் கூடாது; மண்ணைச் சோதிக்க வேண்டும்.

நானோ துகள் அப்படியே காய்க்குள் போகுமா? 2012-இல் கலிஃபோர்னியா விஞ்ஞானிகள் சோயாவை நானோ துகள் கலந்த மண்ணில் வளர்த்தபோது, துத்தநாகம் சோயாப் பயற்றுக்குள் சேர்ந்தது. அடுத்த ஆண்டு வெளிவந்த இன்னோர் ஆய்வில் சக்திவாய்ந்த ஊடுகதிரால் பயற்றைப் பார்த்தார்கள். துத்தநாகம் துகளாக இல்லை. செடி அதைக் கரைத்துச் சிட்ரேட்டோடு சேர்த்திருந்தது. எலுமிச்சையில் இருக்கும் அமிலத்தின் உப்பு அது. சீரியம் ஆக்ஸைடு என்ற இன்னொரு துகள் மட்டும் ஓரளவு அப்படியே உள்ளே போயிருந்தது. எந்த உலோகம் என்பதைப் பொறுத்துக் கதை மாறுகிறது.

இந்த வேலிக்கு ஓர் ஓட்டையும் உண்டு. மண்ணில் ஊற்றியதற்குத்தான் செடி வேலி. இலைமேல் தெளித்தது இலைமேலேயே இருக்கும். அப்பா அந்த மருந்தைத் தெளித்தும் இருக்கிறார்; கடைசி அறுவடைக்கு இரண்டு வாரம் முன்பு. நடுவில் பலத்த மழை பெய்திருந்தது. கீரையைக் கழுவித்தான் எல்லோரும் சமைப்பார்கள். ஆபத்துக்கு வாய்ப்புக் குறைவு என்று நான் அம்மாவிடம் சொன்னேன். ஆனால் போத்தலில் என்ன இருந்தது என்று எழுதாத ஒன்றுக்கு ‘ஒன்றுமே ஆகாது’ என்று என்னால் கையெழுத்துப் போட முடியவில்லை.

காலையில் அதை அப்படியே அப்பாவிடமும் சொன்னேன். அவர் காப்பியைக் குடித்து முடித்தார். சட்டை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். வாடிக்கையாக வாங்கும் பதினொரு வீடுகளுக்கும் போய், என்ன மருந்து போட்டார், என்ன ஆயிற்று, இனி சில மாதத்துக்கு விற்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். எதிர்வீட்டில் அந்தப் போத்தலின் படத்தையும் கொடுத்து, அடுத்த மருத்துவச் சந்திப்பில் காட்டச் சொன்னார். மருத்துவர் பார்த்துவிட்டுக் கவலைப்பட ஒன்றுமில்லை என்று சொன்னதாகப் பிறகு தெரிந்தது.

அதுவரை அப்பா சரியாகச் சாப்பிடவில்லை என்று அம்மா சொன்னார்.

மண்ணைத் தேற்றிய விதம்

செம்பை மண்ணிலிருந்து வெளியே எடுப்பது கடினம். ஆனால் அதைக் கட்டிப்போடலாம். இரண்டு வழிகள். ஒன்று, சுண்ணாம்பு போட்டுப் புளிப்பைக் குறைப்பது. இங்கே உரக் கடைகளில் ஜிஎம்எல் என்று கேட்டால் மக்னீசியம் கலந்த சுண்ணாம்புத்தூள் கிடைக்கும். இரண்டு, மக்கிய உரத்தைத் தாராளமாகச் சேர்ப்பது. செம்பு மக்கோடு ஒட்டிக்கொள்ளும். வேருக்குக் கிடைப்பது குறையும்.

அப்பா செம்பனைக் காலிக் குலையை மக்க வைத்த உரத்தைக் கொண்டுவந்து கொட்டினார். சுண்ணாம்பை ஒரேயடியாகப் போடாமல் பிரித்துப் போட்டார். அம்மோனியம் சல்ஃபேட்டையும் செம்பு மருந்தையும் நிறுத்தினார். மிளகாயைத் தொட்டிக்கு மாற்றினார். மாதம் ஒருமுறை பாத்தி மண்ணில் பத்துப் பயறு. ‘இந்த மாசம் அரை விரல்’, ‘இந்த மாசம் முக்கால்’ என்று எனக்குக் குரல்பதிவு வரும்.

உங்களுக்குச் சில வார்த்தைகள்:

இலை மஞ்சளானால் உடனே சத்து மருந்து ஊற்றாதீர்கள். குறைவும் மிகுதியும் ஒரே முகத்தோடு வரும். ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள்.

பாத்தியின் பிஎச் அளவைப் பாருங்கள். சாதாரண சோதனைத் தாளே ஒரு தோராயத்தைச் சொல்லிவிடும்.

‘நானோ’ என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்காதீர்கள், ஒதுக்கவும் வேண்டாம். என்ன உலோகம், எத்தனை சதவீதம், எந்தப் பயிருக்கு எவ்வளவு, தயாரிப்பாளர் யார் என்ற நான்கும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

எழுதிய அளவைக் கூட்டாதீர்கள். புதிய மருந்தென்றால் முதலில் பயற்றில் சோதியுங்கள். இரண்டாம் நாள் முளையைப் பார்த்து முடிவுக்கு வராமல் நான்காம் நாள் வேரை அளங்கள். சோதித்த பயற்றைச் சமைக்க வேண்டாம்.

பழைய சுரங்க நிலத்தில் கீரை போட்டால் கேட்மியம், ஈயம், ஆர்சனிக் மூன்றுக்கும் மண் பரிசோதனை செய்துவிடுங்கள்.

பங்குனி மாதம் ஊருக்குப் போயிருந்தேன். கங்கோங் முழங்கால் உயரம் நின்றது. பாயாம் இன்னும் சற்றுச் சோர்வுதான். ஆனால் மஞ்சள் இல்லை. அப்பா ஆறு கட்டு அறுத்து வைத்திருந்தார். எதிர்வீட்டம்மா பேரக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்.

"இப்போ வாங்கலாங்களா?"

அப்பா உடனே கட்டை எடுத்து நீட்டவில்லை. உள்ளே போய் ஜன்னல் ஓரத்திலிருந்து ஒரு ஐஸ்கிரீம் கப்பைக் கொண்டுவந்து காட்டினார். பாத்தி மண்ணில் வளர்ந்த பத்துப் பயறு, பத்து வெள்ளை வேர்கள்.

"இதப் பாத்துட்டு வாங்கிக்கங்க" என்றார்.

உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தார்: "இந்த மனுஷனால வீட்டுல பாசிப்பருப்புப் பாயசத்துக்குக்கூடப் பயறு மிஞ்சறதில்ல!"